பயாஸில் கை வைத்தவன்

போட்டோ எடுக்க வரலையா? விசாரிக்கவா? யாரை? நம்ம கோமதிநாயகத்தையா! உக்காருங்க சார், உக்காருங்க. சரியான ஆள்கிட்டதான் வந்து சேந்திருக்கீங்க. ஊருக்குள்ள வேற யாரைக் கேட்டாலும் தங்கமான பையன்னு ஒரே பாட்டாப் பாடுவாங்க. கூட வச்சு வேலை வாங்கினவனுக்குத்தான் சார் தெரியும்.

உங்க மகளுக்கா பாக்கீங்க? ஒரே மகளா? அப்ப நான் ஒண்ணையும் மறைக்கக் கூடாது. பொண்ணு விஷயம் பாருங்க. நான் பிச்சையா. புளியங்குடியில பி.எஸ். ஸ்டுடியோன்னு கேட்டா எலுமிச்சங்கா மார்க்கெட்டுல மூட்டை தூக்குதவன்கூட வழி சொல்லுவான். யாரையும் குறை சொல்லுத பழக்கம் எனக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். முடிவு நீங்க பண்ணிக்கோங்க.

குடிக்க மாட்டான்னு சொல்லியிருப்பாங்களே? ஆமா, குடிக்க மாட்டான். பீடி, சிகரெட்டு, பாக்கு ஒண்ணும் கிடையாது. குடிக்கவன்கிட்டயாவது ஒரு கலகலப்பு இருக்கும் சார். இவன் வாயத் திறந்தா முத்து உதுந்துரும். காலையில வருவான், கடையைத் தூத்துப் பெருக்குவான், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா உக்காந்ததுதான். ஆல்பம் டிசைன் பண்ணும்போது, ‘ஏல, மாப்பிள்ளை பொண்ணை மேகத்துக்கு மேல நிக்க வைடா’ன்னு சொல்லுவேன். ‘அண்ணாச்சி, அந்தப் புள்ள சிரிப்பே நல்லா இருக்கு, மேகம் எதுக்கு?’ம்பான். ரசனை கிடையாது. மேகம் இல்லாம எவன் சார் ஆல்பம் வாங்குவான்?

சரி, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வேற. இவன் என் கம்ப்யூட்டரைக் கொன்னான் சார். கொன்னான்னா, நெசமாவே கொன்னான். அதுவும் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள்.

பயாஸ்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? எனக்கும் அவன் சொல்லித்தான் தெரியும். கம்ப்யூட்டருக்குள்ள மதர்போர்டுன்னு ஒரு பெரிய பலகை இருக்கும்லா, அதுல ஒரு சின்ன சிப்பு. நாம சுவிட்சைப் போட்ட உடனே முதல்ல முழிக்கிறது அதுதானாம். இது உன் கண்ணு, இது உன் கையி, எந்திரி வேலையப் பாருன்னு கம்ப்யூட்டரை எழுப்பி விடுதது அதுதானாம். அதுக்குள்ள எழுதியிருக்கிறதுக்குப் பேருதான் பயாஸ்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். மேலத் தெருவுல ராமலெட்சுமின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் வெள்ளத்துரை மஸ்கட்ல வேலை பாக்காரு. மகளுக்குக் கல்யாணம் வச்சாச்சு, மண்டபம் பிடிச்சாச்சு, பத்திரிகையும் குடுத்தாச்சு. கடைசி நேரத்துல அந்த மனுசனுக்கு லீவு குடுக்கல. பெத்த மகளுக்குத் தாரை வார்த்துக் குடுக்க ஆளு இல்ல, சித்தப்பாதான் நிக்கணும். அந்தம்மா இங்கதான் வந்தாங்க. இதே பெஞ்சுல உக்காந்து முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதாங்க. ‘அவுக பாக்கணும் அண்ணாச்சி, தாலி கட்டுதது மட்டுமாவது அவுக அங்கருந்து பாக்கணும்.’ நான் சொன்னேன், ‘கவலைப்படாதீங்கம்மா, டிவியில வார மாதிரி லைவா காட்டுதேன். மூணு கேமரா. டைட்டிலு, பூ மழை, பறக்குத இதயம், எல்லாம் உண்டு.’

அதுக்காகத்தான் சார் புது பிராசஸர் வாங்கினேன். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி. பழசும் நல்லாத்தான் ஓடிச்சு. ஆனா பூ மழை கொட்டும்போது கொஞ்சம் திக்கித் திக்கிக் கொட்டும். திருநெல்வேலிக்குப் போயி நானே பாத்து வாங்கிட்டு வந்து மேசையில வச்சேன். ‘மாட்டுடா’ன்னேன்.

எடுத்துப் பாத்தான். போர்டைப் பாத்தான். என்னைப் பாத்தான்.

“அண்ணாச்சி, ஓடிட்டு இருக்க மெஷினு. கல்யாணம் முடியட்டுமே, அப்புறம் பாப்போம்.”

“ஏன், மாட்டத் தெரியாதா?”

“மாட்டிரலாம். இந்தப் போர்டு பழசு, புது பிராசஸரை அதுக்கு அடையாளம் தெரியாது. பயாஸை மாத்தி எழுதணும். எழுதிட்டு இருக்கும்போது பாதியில நின்னுச்சுன்னா பழசும் இருக்காது, புதுசும் இருக்காது. போர்டே எந்திரிக்காது அண்ணாச்சி.”

“எழுது. யாரு வேண்டாம்னா?”

“எனக்கும் இது முதல் தடவை. பயமா இருக்கு.”

பயமா இருக்காம் சார்! ஒரு ஆம்பிளை பேசுத பேச்சா? நாளைக்கு உங்க மக முன்னாடி பாம்பு வந்து நின்னா, எனக்கு இது முதல் தடவைன்னு சொல்லிட்டு நிப்பான். யோசிச்சுப் பாருங்க. நான் செல்போன்ல ஒரு வீடியோவை எடுத்துக் காட்டினேன். அதுல ஒரு பய பாட்டுப் போட்டுக்கிட்டே இந்த வேலையைப் பண்ணுதான். டீ குடிக்குத நேரம்தான். முடிச்சிட்டு கையத் தட்டிச் சிரிக்கான். ‘இவனுக்குப் பயமில்ல, உனக்கு மட்டும் என்ன?’ன்னு கேட்டேன். ‘முடியாதுன்னா சொல்லு, சங்கரன்கோயில்ல இருந்து வேற ஆளைக் கூட்டிட்டு வாரேன்’னேன். ‘வேண்டாம், நானே பண்ணுதேன்’னான்.

பண்ணினானே, அதையும் கேளுங்க. சட்டுனு பண்ண வேண்டியதுதானே? ஒரு முழு நாளும் ஓட்டினான். போர்டைத் திறந்து வச்சுக்கிட்டு டார்ச் அடிச்சு அதுல போட்டிருந்த பேரை வாசிச்சான். திரும்ப வாசிச்சான். அந்தப் பேரு கடைசியில ஒரு எழுத்து மாறினாக்கூட அது வேற போர்டாம், வேற பயாஸாம். மாத்திப் போட்டா அதுவும் சாவாம். பென்டிரைவுல ஏத்தினான், அழிச்சான், திரும்ப ஏத்தினான். நம்ம கடையில யூபிஎஸ் இருக்கு. கரண்டு போனா கொஞ்ச நேரம் தாங்குத பெட்டி. பாட்டரி செத்துப்போய்க் கிடந்தது. மாத்துங்க மாத்துங்கன்னு அவன் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தான். கடை நடத்துதவனுக்கு ஆயிரம் சோலி இருக்கும், பாட்டரி மாத்தத்தான் பிறந்திருக்கேனா? இவன் என்ன பண்ணினான் தெரியுமா? எதுத்தாப்புல ஜெராக்ஸ் கடையில போயிக் கெஞ்சி அவங்க யூபிஎஸ்ஸைத் தூக்கிட்டு வந்துட்டான். பி.எஸ். ஸ்டுடியோவுக்கு வேண்டி ஜெராக்ஸ் கடையில கையேந்துதான்! என் மானம் எங்க போச்சு?

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ஆரம்பிச்சான். சாமி படத்தைப் பாத்துக் கும்பிட்டுட்டு ஆரம்பிச்சான். என்கிட்ட சொல்லுதான்: “அண்ணாச்சி, இது முடியட்டும். திரை கறுத்துப் போகும், மெஷின் காத்தாடி சத்தமா ஓடும், கோடு ஒரே இடத்துல நிக்கும். எது ஆனாலும் சரி, எதையும் தொடாதீங்க.” எனக்கே பாடம்! நான் கேமராவைப் பிடிச்ச காலத்துல இவன் அம்மா வயித்துலகூட இல்ல சார்.

திரையில ஒரு நீளக் கோடு, கொஞ்சம் கொஞ்சமா நிரம்பிட்டே வருது. கைய மடியில வச்சுக்கிட்டு அதையே பாத்துட்டு இருக்கான், தவம் இருக்க மாதிரி. அந்த நேரம் முன்பக்கம் ஒரு அம்மா வந்து பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கணும்னாங்க. ‘போய் எடுடா’ன்னேன். ‘இது முடியட்டும் அண்ணாச்சி, அவங்களைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க’ன்னான். கடைக்கு வந்த கஸ்டமரை உக்காரச் சொல்லவா? நாலு திட்டுத் திட்டினேன், எந்திரிச்சுப் போனான். போகும்போதும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறான். ‘தொடாதீங்க’ங்கான்.

அவன் அங்குட்டுப் போனான், கரண்டும் போச்சு.

இப்ப பாருங்க, ஒரு விஷயத்தை ஒத்துக்கிடணும். அந்த ஜெராக்ஸ் கடை யூபிஎஸ் தாங்கிச்சு. கம்ப்யூட்டர் அணையல. ஆனா அது கீ... கீ...ன்னு கத்த ஆரம்பிச்சது பாருங்க! காதைக் கிழிக்கு. கோடு வேற ஒரே இடத்துல நிக்கு. அசையல. நான் பாக்கேன், பாக்கேன், அசையவே இல்ல. கம்ப்யூட்டர் ஹேங் ஆனா என்ன செய்யணும்? அணைச்சுப் போடணும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அதுபோக அது அடுத்தவன் வீட்டு யூபிஎஸ். கத்திக் கத்திப் புகைஞ்சு போச்சுன்னா நாளைக்கு அந்த ஜெராக்ஸ்காரன் வந்து என் முகத்துக்கு நேரா நிப்பான். அடுத்தவன் பொருளுக்கு நான் பொறுப்பு இல்லையா? அதான் யூபிஎஸ் பொத்தானை அமுக்கினேன். கத்துறதை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி சொர்ணம் அப்பதான் காப்பி கொண்டுட்டு உள்ள வந்தா. ‘அந்தப் பையன் தொடாதீங்கன்னானே?’ன்னா. ‘உனக்கென்ன தெரியும் கம்ப்யூட்டரைப் பத்தி?’ன்னேன். டம்ளரை வச்சுட்டுப் போயிட்டா.

கரண்டு வந்திச்சு. சுவிட்சைப் போட்டா, காத்தாடி ஓடுது, லைட்டு எரியுது, திரையில ஒண்ணும் இல்ல. கறுப்பு. போட்டோவுக்கு வந்த அம்மாவை அனுப்பிட்டு அவன் ஓடி வந்தான். போட்டான், அணைச்சான், போட்டான். உள்ள ஒரு பாட்டரி இருக்குமாம், அதைக் கழத்தி மாட்டினான். ஒண்ணும் இல்ல. அப்புறம் யூபிஎஸ்ஸைப் பாத்தான். பாட்டரி நிறைஞ்சு இருக்குன்னு பச்சை லைட்டு காட்டுதாம். ‘இது தாங்கியிருக்குமே’ன்னான். என்னைப் பாத்தான். ‘எனக்கென்ன தெரியும், நீதானே கை வச்சே’ன்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டான். கண்ணுல தண்ணி சார். ஒரு மெஷினுக்கு அழுத ஆம்பிளையை நீங்க பாத்திருக்கீங்களா?

எப்படித்தான் தெரிஞ்சதோ, சாயந்தரத்துக்குள்ள ராமலெட்சுமி அம்மா வந்துட்டாங்க. கொழுந்தனாரும் கூட வந்தாரு. ‘லைவு இல்லையாமே? மஸ்கட்ல அவுக புதுச் சட்டை எடுத்து வச்சிருக்காகளே, கூட இருக்கவங்களை எல்லாம் பாக்கக் கூப்பிட்டிருக்காகளே!’ன்னு அந்தம்மா சத்தம் போடுதாங்க. கொழுந்தனாரு கைய மடக்கிட்டு வாராரு. ‘யாரு பண்ணின வேலை இது?’ன்னு கேட்டாரு.

நான் வாயத் திறக்கதுக்குள்ள இவனே சொன்னான். நீங்களே இவன்கிட்ட கேட்டுப் பாருங்க, நான் பொய் சொல்லுதேனான்னு. நடுக்கடையில நின்னு சொன்னான்: “என் கையிலதான் போச்சு. அண்ணாச்சி மேல தப்பு இல்ல.”

கேட்டீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். நானா சொன்னேன்? குத்தம் பண்ணாதவன் ஒத்துக்கிடுவானா? அந்தக் கொழுந்தனாரு சட்டையைப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினாரு, நின்னான். அதுக்கப்புறம் அந்தம்மாகிட்ட, ‘அம்மா, காலையில நான் வாரேன். அய்யா பாப்பாரு’ன்னான். பாப்பாராம்! எதை வச்சு?

எதை வச்சு தெரியுமா? அவன் செல்போனை வச்சு. மண்டபத்துக்கு விடியக்காலமே வந்து நிக்கான். நம்ம கேமரா ஸ்டாண்டுல போனைக் கட்டியிருக்கான். மஸ்கட்டுக்கு வீடியோ காலு. அவ்வளவுதான் லைவு. ஒரு டைட்டில் உண்டா? ஒரு பூ மழை உண்டா? ‘என்னடா இது, டீக்கடையில நின்னு மச்சானுக்குப் பேசுத மாதிரி!’ன்னு காதுல சொன்னேன். ‘சிக்னல் இருக்கு அண்ணாச்சி’ங்கான்.

தாலி கட்டுத நேரம் கூட்டம் முன்னாடி எந்திரிச்சு மறைச்சிட்டுது. இவன் ஸ்டாண்டோட போனைத் தூக்கிக்கிட்டு நாற்காலி மேல ஏறிட்டான். பட்டுச்சேலையும் நகையுமா எல்லாரும் இருக்க இடத்துல, தொரட்டிக் கம்பு மாதிரி அதை நீட்டிக்கிட்டு நிக்கான். இறக்கல. ‘அய்யா தெரியுதா? அய்யா இப்பத் தெரியுதா?’ன்னு கத்துதான். மேளச் சத்தத்துல அங்க இருந்து அந்த மனுசன் என்ன சொன்னாரோ, இவன் நாற்காலியில இருந்து குதிச்சு மேடைக்கே போயிட்டான். ‘அக்கா, அப்பா உங்க முகத்தைப் பாக்கணுங்காரு, ஒரு தடவை நிமிருங்க’ன்னான். அந்தப் பொண்ணு நிமிந்து போனைப் பாத்துச்சு. பாத்த உடனே ஓன்னு அழுதிட்டுது. கண்ணு மை எல்லாம் ஓடிப் போச்சு. நான் ஸ்டில்லு எடுக்கேன், எல்லா ஸ்டில்லுலயும் மை. ஒரு ஆல்பத்துக்கு ஆகாது.

அதோட விட்டானா? பந்தியில போனைத் தூக்கிட்டு இலை இலையா நடந்தான் சார். அந்த மனுசன் மஸ்கட்ல இருந்துக்கிட்டு, ‘மச்சான், ரசம் ஊத்தினாங்களா? பெரியம்மா, பாயசம் வாங்கிக்கோங்க. ஏய், அந்த மூலையில உள்ளவருக்கு அப்பளம் வைப்பா’ங்காரு. சாப்பிடுதவங்க எல்லாம் எச்சிக் கையோட போனைப் பாத்து, ‘சாப்பிட்டோம் துரை, திருப்தி துரை’ன்னு கும்பிடுதாங்க. கிழவிங்க போனுக்கு நெட்டி முறிக்காளுக. ஒரு கல்யாணத்துல இப்படி ஒரு அசிங்கத்தை நீங்க கண்டிருக்கீங்களா? நம்ம லைவா இருந்தா எப்படி இருந்திருக்கும்! அந்த மனுசன் பாட்டுக்கு அங்க சாஞ்சு உக்காந்து, இதயம் பறக்கதைப் பாத்திருப்பாரு.

கடைசியில அந்தாளு என்கிட்ட பேசினாரா? இல்ல. ஸ்டுடியோ யாருது? என்னது. நன்றி யாருக்கு? இவனுக்கு. ‘தம்பி, நான் அங்கதான் இருந்தேன், அங்கதான் இருந்தேன்’னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாராம். இவனும் போனைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டு நிக்கான். சொன்னேன்லா, அழுமூஞ்சி.

மறுவாரம் போர்டைக் கழத்தி மதுரைக்குத் தூக்கிட்டுப் போனான். அங்க யாரோ அந்தச் சிப்பைத் தனியா எடுத்து எழுதிக் குடுத்தாங்களாம். கொண்டுவந்து மாட்டினான், எந்திரிச்சிட்டுது. புது பிராசஸரும் வேலை செஞ்சுது. அதோ, அந்த மெஷின்தான். கெடுத்தவன் சரி பண்ணினான், இதுல என்ன பெருமை?

பண்ணிட்டுச் சாவியை மேசையில வச்சான். கடைச் சாவி. நான் கேட்டேன், என்னடான்னு. அப்பதான் சார் அவன் சுயரூபம் தெரிஞ்சது. இவ்வளவு நாள் ஊமையா இருந்தவன் என்ன சொன்னான் தெரியுமா?

“யூபிஎஸ்ஸை நீங்க அணைச்சீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும் அண்ணாச்சி. கூட்டத்துக்கு முன்னாடி சொன்னா நாளைக்கு உங்களை நம்பி எவனும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டான், அதான் சொல்லல. ஒரு தடவை, நாம ரெண்டு பேரு மட்டும் இருக்கும்போதாவது, ஆமாடான்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லல. நான் வாரேன்.”

பாத்தீங்களா திமிரை! என்கிட்ட இருந்து ஆமாடான்னு ஒரு வார்த்தை வேணுமாம். எதுக்கு ஆமா? கத்துறதை நிறுத்தினதுக்கா? சொர்ணம் வாசல்ல நின்னு கேட்டுட்டு இருந்தா. அவளாவது ஒரு வார்த்தை அவனைக் கண்டிக்கணும்லா? ‘சாப்பிட்டுப் போப்பா’ங்கா! அவன் சாப்பிட்டுட்டுத்தான் போனான். கடைக்கு வரல, ஆனா பொங்கலுக்கு வந்து அவ கால்ல விழுந்துட்டுப் போறான். நான் இருந்தா, ‘நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி’ன்னு கேக்கான். நானும் தலையை ஆட்டுவேன், வேற என்ன செய்ய?

இப்ப கடையநல்லூர்ல தனியா கடை போட்டிருக்கான்லா, பாத்தீங்களா? சின்னக் கடை. மேகம் இல்லாத ஆல்பமாப் போடுதான். கூட்டம் நிக்குதுன்னு சொல்லுதாங்க. சனங்களுக்கும் ரசனை கெட்டுப் போச்சு.

என்ன சார், அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க? காப்பி வருது. யாருக்குப் போன் போடுதீங்க? வீட்டுக்கா? ‘நமக்குத் தோதுதான், நாள் பாக்கச் சொல்லு’ன்னா சொல்லுதீங்க? சார், நான் இவ்வளவு நேரம் தமிழ்லதானே சொன்னேன்? பயந்தாங்கொள்ளி, அழுமூஞ்சி, திமிரு பிடிச்சவன். மூணையும் சொல்லியாச்சு. இதுக்கு மேல உங்க பாடு, உங்க மக பாடு. நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லப்படாது.

சரி, போயிட்டு வாங்க. ஒரு நிமிசம். நேரா அவன் கடைக்குத்தான் போறீங்களா?

ஒண்ணுமில்ல. இந்த மெஷின்ல ஒரு வாரமா, சுவிட்சைப் போட்ட உடனே ஒரு சின்னப் பெட்டி வந்து நிக்கு. பயாஸு புதுசா வந்திருக்காம். இப்பப் போடவா, அப்புறம் போடவான்னு கேக்கு. நான் தினமும் அப்புறம்னு அமுக்கிட்டு இருக்கேன். ‘இப்ப’ங்கிறது பக்கம் மவுசைக் கொண்டு போயிட்டுத் திரும்ப இழுத்துக்கிடுதேன் சார். போன மாசம் வேலைக்குச் சேத்த பய, ‘நான் பண்ணுதேன் முதலாளி’ன்னு குதிக்கான், அவனைக் கிட்டவே விடல. அவன் என்னத்தைக் கண்டான்?

கோமதிநாயகத்துகிட்ட, இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லாதீங்க, என்ன? சொர்ணம் கேட்டதாச் சொல்லுங்க.